ஞாயிறு காலை வீடியோ

ஜோர்டான்
12 ஜூலை 2024, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

பிரபாகர் எழுதுகிறேன். நானும் அன்புசெல்வியும் நலம். உனக்கும் மச்சானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? மச்சானை முழங்கால் வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகச் சொல்.

போன் இருக்க எதற்கு மெயில் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று கேட்டால், "சாப்புட்டயா, அங்க வெயில் எப்படி" என்று நீ பேச்சை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாய். பனியன் கம்பெனியில் எல்லோரும் சொல்கிற ஒரே வார்த்தை, "மெயில்ல போடுங்க". போட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

போன ஞாயிறு வந்த வீடியோவைப் பார்த்தோம். நிவிதா வாத்துப் பாடத்தைப் படித்த வேகத்தை மெஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினேன். துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் இருக்கும் திண்டுக்கல்காரர், "மூணாவதாப்பா இது? எம்பய ஆறாவது, இந்த மாதிரி வாசிக்க மாட்டான்" என்றார். அன்புசெல்வி மட்டும் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள். பிள்ளை ஞாபகம் வந்திருக்கும்.

ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற ஜனம் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு வராது என்று, வாரம் ஒரு முறை பிள்ளை படிப்பதைப் படம் பிடித்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் படுத்தவர்கள் எழுந்திருக்கும் நேரத்துக்கு ஞாயிறு காலையில் அனுப்பும் யோசனை உன்னுடையது. எந்தப் பெரிய பள்ளியிலும் இப்படி இல்லை. நிவிதாவுக்கு அத்தையும் நீ, வகுப்பு டீச்சரும் நீ. உன்னிடம் விட்டிருக்கும் தைரியத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் இங்கே வேலை பார்க்கிறோம்.

ஏப்ரலில் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. வந்ததும் நாலாம் வகுப்புக்கு டவுனில் பெரிய பள்ளியில் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். வாசிக்க வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

ஒரே ஒரு வேலை. அடுத்த வீடியோவில் புத்தகமும் தெரிய வேண்டும். இப்போது முகம் மட்டும்தான் தெரிகிறது.

உன் தம்பி,
பிரபாகர்

---

திருப்பூர்
17 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே மூவரும் நலம். அங்கே இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மெயிலில் கேட்டால் மெயிலில் சொல்கிறேன், எனக்கென்ன. நிவிதாவுக்கு மேல்பல் ஒன்று விழுந்துவிட்டது. விழுந்த பல்லைப் பென்சில் டப்பாவில் போட்டுவைத்து, "எங்கப்பா வந்தா காட்டோணும், தூக்கி வீசாதீங்க" என்று என்னைக் காவல் வைத்திருக்கிறாள். உன் மச்சான் மாடி அறைக்கு அவளுக்குப் பிடித்த மஞ்சளில் பெயிண்ட் அடித்திருக்கிறார். அங்கே படுக்க வைத்தாலும் விடியும்போது என் பக்கத்தில்தான் கிடக்கிறாள்.

வீடியோவினால் எங்கள் தலைமையாசிரியை ரங்காத்தாள் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் உட்கார இடமில்லை. நீ போனில் கேட்டதால் எழுதுகிறேன், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாக உட்கார வைக்கிறோம். எழுத்துப் பழகுகிறவர்கள் அரும்பு, சொல் படிக்கிறவர்கள் மொட்டு, கோவையாகப் படிக்கிறவர்கள் மலர். நிவிதா மூன்று குழுவுக்கும் செல்லம்.

டவுன் பள்ளிக்கு என்ன அவசரம்? வேன் ஏறி இறங்குவதற்குள் பிள்ளை வாடிவிடும். இங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அன்புசெல்வியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா,
தேவிப்பிரியா

---

ஜோர்டான்
23 ஆகஸ்ட் 2024, வெள்ளி

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

துணி பின்னும் நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் துணி முழுக்க ஒரு கோடு இறங்கும். மற்றவர்கள் துணியைப் பார்ப்பார்கள், என்னைப் போன்ற மெக்கானிக் கண்ணுக்கு அந்தக் கோடுதான் முதலில் தெரியும். போன ஞாயிறு வீடியோவில் எனக்கு ஒரு கோடு தெரிந்தது.

மறுபடி அதே வாத்துப் பாடம்தான், ஆனால் இந்த முறை புத்தகத்தின் ஓரம் தெரிகிறது. நான் பாடப் புத்தகத்தை நெட்டில் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். வாத்து கரையேறுவது பக்கத்தின் கடைசியில் வருகிறது. நிவிதா அதற்கு முன்பே பக்கத்தைத் திருப்பிவிட்டாள். திருப்பிய பிறகு, புதுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, பழைய பக்கத்தின் கடைசி வரிகளைத் தடங்கல் இல்லாமல் சொல்கிறாள்.

அவள் படிக்கவில்லை. ஒப்பிக்கிறாள். ஒரு பாடத்துக்கு மட்டும்தான் அப்படியா, எல்லாப் பாடத்துக்குமா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத மூன்று வரியை நானே எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பு.

அப்பா அறைக்கு ஒரு பூனை வருகிறது. அதன் பெயர் மோட்டார். மீன் கொடுத்தால் போய்விடும், ரொட்டி கொடுத்தால் மடியில் ஏறும்.

பூனை நிஜம். பெயரும் நிஜம். அவளுக்குச் சிரிப்பு வரட்டும் என்றுதான் எழுதினேன்.

பிரபாகர்

---

திருப்பூர்
18 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் மெயிலுக்கு உடனே எழுத முடியவில்லை. காலாண்டுத் தேர்வு வேலை. நடுவில் நிவிதாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. பயப்படும்படி ஒன்றும் இல்லை, ரசம் சாதத்திலேயே தேறிவிட்டாள். உன் மச்சானை ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடையைக் குறைக்கச் சொன்னாராம், இவர் அதைச் சாக்காக வைத்துக் கடைக்கும் போவதில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம் மனதில் நின்றுவிடும். அது நல்லதுதானே தம்பி? நீ மெஷினைப் பார்க்கிற மாதிரி பிள்ளையைப் பார்க்காதே.

நீ கேட்ட வீடியோவை இணைத்திருக்கிறேன். உன் பூனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா,
தேவிப்பிரியா

---

ஜோர்டான்
20 செப்டம்பர் 2024, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன். பல முறை பார்த்தேன். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று வரியையும் படிக்கிறாள். "மோட்டார்" என்ற இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் நின்று, மறுபடி ஆரம்பிக்கிறாள்.

சந்தேகப்பட்டது என் தப்பு. மனதில் வைத்துக்கொள்ளாதே. சோதித்துப் பார்க்காமல் எதையும் விட எனக்குத் தெரியாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

என் பழைய கம்பெனிச் சிநேகிதன் முனீஸிடம் சொல்லி அவளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வந்தால் ஒரு டீ கொடு.

மச்சான் கடைக்குப் போகாவிட்டால் நீ ஒரு வாரம் சமைக்காமல் இரு, தானாக நடப்பார்.

தம்பி,
பிரபாகர்

---

திருப்பூர்
6 அக்டோபர் 2024, ஞாயிறு

மாப்ள,

முனீஸ். நல்லாருக்கியா? தங்கச்சி நல்லாருக்கா? எனக்கு டைப் பண்ண வராது, பேசுனா எழுதிக்கிடுற ஆப்புல பேசித்தான் அனுப்புறேன், தப்பு இருந்தா நீயே சரி பண்ணி வாசிச்சுக்க.

நீ சொன்னபடி கதைப் புக்கு வாங்கிட்டு இன்னைக்குக் காலைல அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாங்க. உன் மச்சான் தனபால் அண்ணன் டீ போட உள்ள போனாரு. பாப்பா புக்கப் பாத்ததும் மடியில வந்து உக்காந்துருச்சு. நான் சும்மாதான் சொன்னேன், "எங்க, மாமாவுக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு"ன்னு. பாப்பா சொல்லுது, "முதல் வரி மட்டும் நீங்க சொல்லுங்க மாமா, பாக்கி நான் சொல்றேன்." நான் புரியாம, "ஏத்தா, இது புதுக் கதையாச்சே, உனக்கு எப்பிடிப் பாக்கி தெரியும்"னேன். அதுக்கு, "அப்ப அத்தை வரட்டும், அத்தை சொல்லிக் குடுப்பாங்க"ன்னு புக்க மூடிருச்சு.

எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அட்டையில பெருசா எழுதியிருக்கில்ல, அதைத் தொட்டுக் காட்டி என்ன எழுத்துன்னு கேட்டேன். என் மொகத்தப் பாத்துக்கிட்டே ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிப் பாக்குது, எது சரின்னு என் மூஞ்சில தெரியுமான்னு. அப்புறம் அதுவாவே, "மாமா, எனக்குப் பூனை மோட்டார் வரும், அதைச் சொல்லட்டுங்களா? அத்தை தெனமும் தூங்கறப்போ சொல்லிக் குடுத்தாங்க"ன்னு கடகடன்னு ஒப்பிச்சிருச்சு. கையில பேப்பர் இல்ல மாப்ள.

ஒங்கிட்டச் சொல்லலாமா வேணாமான்னு வண்டிய ஒரு எடத்துல நிப்பாட்டி யோசிச்சேன். சொல்லலேன்னா நான் உனக்கு என்ன சிநேகிதன். பிள்ளைய ஏசிறாத. அது பாவம், டீ டம்ளர் எனக்குச் சுடும்னு துணி எடுத்துட்டு வந்து குடுத்துச்சு.

முனீஸ்

---

ஜோர்டான்
7 அக்டோபர் 2024, திங்கள்

தேவிப்பிரியா டீச்சர் அவர்களுக்கு,

மூன்றாம் வகுப்பு மாணவி நிவிதாவின் அப்பா எழுதுகிறேன். அக்காவுக்கு எழுதினால் அக்காதான் பதில் எழுதுகிறாள், டீச்சர் எழுதுவதில்லை. அதனால் இது டீச்சருக்கு.

என் மகளுக்குப் படிக்கத் தெரியுமா? ஆம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும்.

கம்பெனிகளில் நடப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர்டர் பிடிக்க, கை தேர்ந்த டெய்லரை வைத்து ஒரே ஒரு சாம்பிள் பீஸைப் பார்த்துப் பார்த்துத் தைப்பார்கள். வெள்ளைக்காரன் அதைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவான். லைனில் மொத்தமாக ஓடுகிற பல்க் சரக்கு வேறு மாதிரி இருக்கும். நான் எத்தனையோ சாம்பிளுக்குப் பக்கத்தில் நின்றவன். வாராவாரம் எனக்கு வந்தது சாம்பிள் என்று எனக்கே தெரியவில்லை.

பாடத்தை ஒப்பிக்க வைத்ததைக்கூட விடுகிறேன். நான் பிள்ளைக்கு எழுதிய மூன்று வரியை, தூங்குகிற நேரத்தில் சொல்லிக் கொடுத்து, கையில் காகிதத்தைத் திணித்து, படிப்பதுபோல் நடிக்கச் சொல்லி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு நான் மன்னிப்புக் கேட்டேன். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள்.

இனி எனக்கு ஞாயிறு வீடியோ வேண்டாம்.

பிரபாகர்

---

திருப்பூர்
3 நவம்பர் 2024

தம்பிக்கு,

தீபாவளி முடிந்தது. அன்புசெல்வி அனுப்பிய பாவாடை நிவிதாவுக்கு அளவு சரியாக இருந்தது. அவள் நலம்.

நீ கேட்ட ஒரு வார்த்தை: இல்லை.

டீச்சருக்கு எழுதியிருந்தாய், டீச்சராகவே சொல்கிறேன். வீடியோவை ஆரம்பித்தபோது நான் எதையும் மறைக்கவில்லை. திக்கினால் திக்குவதை அனுப்பினேன். கருத்தம்மா என்று பட்டன் வைக்கிற பெண், மதுரைப் பக்கம். அவள் பையன் இரண்டு வார்த்தைக்குமேல் போகாமல் நின்ற வீடியோ போன மறுநாள், பையன் முதுகில் வயர் தடத்தோடு வந்தான். "வீதியில எல்லாரும் பாத்துச் சிரிக்கிறாங்க டீச்சர், எனக்கு மானம் போச்சு" என்று அவள் என்னிடமே அழுதாள். இன்னும் சிலர் வேறு பள்ளிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரங்காத்தாள் அம்மா கூப்பிட்டு, "ஏனுங் டீச்சர், நல்லாப் படிக்கறதா ஒரு பக்கத்தப் பழக்கியுட்டு எடுத்தா என்னங்க கொறஞ்சு போச்சு? பெத்தவங்களுக்கும் நிம்மதி, புள்ளைக்கும் அடி இல்ல" என்றார். எனக்கு அன்றைக்கு அது சரியாகப் பட்டது. அந்தப் பையனுக்கு அதன் பிறகு அடி விழவில்லை. அது உண்மை.

நிவிதாவுக்கு நான் தினமும் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைக்கு எழுத்து நிற்கவில்லை. இன்று தெரிவது நாளை தெரிவதில்லை. நீங்கள் வருவதற்குள் எப்படியாவது படிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீ கேட்டுவிட்டாய்.

மே மாதம் அன்புசெல்வி லீவில் வந்தபோதே அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் அவள் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். உன் முதல் மெயிலைப் பார்த்ததும் அவள் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஜோர்டான்
4 நவம்பர் 2024

டீச்சர் அவர்களுக்கு,

அன்புசெல்வியிடம் கேட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆமாங்க, தெரியும்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? தெனமும் போன்ல அவள நிக்க வெச்சு, இது என்ன எழுத்து, அது என்ன எழுத்துன்னு கேட்டிருப்பீங்க. போன்ல உங்க கொரல் கேட்டாவே புள்ள நெட்டு கட்டாகுதுன்னு சொல்லிட்டு ஓடுது, அதாவது தெரியுங்களா உங்களுக்கு? உங்கக்கா, நங்கையா, நான் பாத்துக்கறேன்னாங்க. உட்டுட்டேன்" என்றாள்.

ஆக, என் அக்காவுக்குத் தெரியும், என் பொண்டாட்டிக்குத் தெரியும், தலைமையாசிரியைக்குத் தெரியும், எட்டு வயதுப் பிள்ளைக்கே தெரியும். மெஸ்ஸில் போனை நீட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு மட்டும் தெரியாது.

கருத்தம்மா மகன் கதையை எனக்கு எழுதாதீர்கள். அவனை அடித்தார்கள், அதனால் மறைத்தீர்கள். என் மகளை யார் அடித்தார்கள்? அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் விஷயத்தில் நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று மெயில் முழுக்கத் தேடினேன். எழுதவில்லை. எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். படிப்பு வரவில்லை என்று தெரிந்த அன்றே நாங்கள் வந்து தூக்கிக்கொண்டு போயிருப்போம். மஞ்சள் பெயிண்ட் அடித்த அறை காலியாகியிருக்கும்.

நிவிதா உங்கள் பிள்ளை இல்லை.

ஏப்ரலில் வருகிறோம். டிசி தயாராக இருக்க வேண்டும். புதுப் பள்ளியில் கொடுக்க, அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று வகுப்பாசிரியை கையால் ஒரு குறிப்பு வேண்டும். ஒரு பெற்றோருக்கு நீங்கள் சொல்லப்போகிற முதல் உண்மை அதுவாக இருக்கட்டும்.

பிரபாகர்

---

திருப்பூர்
19 ஜனவரி 2025

மாப்பிள்ளைக்கு,

தனபால் எழுதிக்கொள்வது. நலம்தானே? பொங்கலுக்கு நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று நினைத்தோம். வேலை அதிகமாக இருக்கும்.

உங்கள் அக்காவுக்கும் உங்களுக்கும் நடுவில் நான் வரக் கூடாது. அவள் எனக்கு மெயிலைக் காட்டவில்லை. தீபாவளியிலிருந்து அவள் யார் பிள்ளையையும் வீடியோ எடுப்பதில்லை. மற்ற டீச்சர்கள் எடுக்கிறார்கள். பெற்றோர் வந்து சண்டை போடுகிறார்கள், "பக்கத்துக் கிளாசுக்கு வருது, எங்களுக்கு ஏனுங் வரதில்ல" என்று. ரங்காத்தாள் அம்மாவோடும் பேச்சுவார்த்தை இல்லை.

நான் எழுத வந்தது வேறு. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் பாப்பா தானாகக் குளித்து, நெற்றிக்குப் பொட்டு வைத்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்து வைத்து உட்கார்ந்துவிடுகிறாள். இன்று கேட்டாள், "மாமா, நான் தப்பாப் படிச்சுட்டேனுங்களா? அதான் எங்கப்பா வேண்டாம்ட்டாங்களா?" என்று. கடைக்குப் போகலாம் வா கண்ணு என்று கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும் வழியிலும் கேட்டாள்.

நீங்கள் ஒருமுறை அவளோடு பேசினால் நன்றாக இருக்கும். படிப்பைப் பற்றி இல்லாமல்.

தனபால்

---

திருப்பூர்
28 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

நீ வந்து நிவிதாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று நான் பள்ளியில் இருந்தேன். இருந்தது நல்லதுதான்.

கேட்ட குறிப்பு கீழே. அன்புசெல்விக்கு என் விசாரிப்பு.

புதிய பள்ளியின் வகுப்பாசிரியருக்கு வணக்கம்.

நிவிதா மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அரும்புக் குழுவில் இருந்தாள்.

உயிர் எழுத்துகளை வரிசையாகச் சொல்வாள், கலைத்துக் காட்டினால் பாதிக்குமேல் தெரியாது. "மரம்", "படம்" போன்ற சொற்களை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொல்வாள். காலையில் சொன்னது மாலையில் இருக்கும், மறுநாள் இருக்காது. கொம்பு வரும் எழுத்தைக் கண்டால் நின்றுவிடுவாள். எழுத்துக்கு முன்னால் எழுதுவதைப் பின்னால் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. மணலில் விரலால் எழுதினால் பென்சிலைவிடச் சீக்கிரம் வருகிறது. பலகையில் எழுதியதைக் காப்பி செய்வாள், என்ன எழுதினாள் என்று கேட்டால் தெரியாது. கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறேன், பார்வையில் குறை இல்லை. எழுத்துப் பழகுவதில் சிரமம் உள்ள பிள்ளைகளைச் சோதிக்கும் இடம் கோவையில் இருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னார். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. போயிருக்க வேண்டும்.

கணக்கு நன்றாக வரும். மனக்கணக்கில் மலர்க் குழுப் பிள்ளைகளைவிட வேகம். கேள்வியைப் படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். ஏற்ற இறக்கத்தோடு சொல்வதால் படிக்கிறாள் என்றே தோன்றும். அந்த ஞாபகத்தை வைத்து இவள் தன் சிரமத்தை இரண்டு வருடம் மறைத்தாள். மறைக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். "உங்கப்பா பார்க்கிறார்" என்று சொல்லி இவளைப் படிக்கச் சொல்ல வேண்டாம். போனை எதிரில் பிடிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் புத்தகத்தைப் பார்க்க மாட்டாள், எதிரில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்பாள். அப்பாவுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இவளுக்கு எழுத்தைவிடப் பெரியது. யாரும் பார்க்காதபோது, சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, விரலை வைத்து, தப்பும் தவறுமாகத் தானாகக் கூட்டிப் பார்ப்பாள். அப்போது கூப்பிடாமல் விட்டுவிடுங்கள்.

வகுப்பாசிரியை,
தே. தேவிப்பிரியா

---

திருப்பூர்
20 ஜூன் 2025, வெள்ளி

டீச்சர் அவர்களுக்கு,

நாங்கள் நலம்.

நிவிதாவைச் சேர்த்தாகிவிட்டது. வாசிக்க வைத்தார்கள், வாசிக்கவில்லை. குறிப்பைக் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார்கள். நாலாம் வகுப்பில் உட்காரலாம், தினமும் மாலை ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் தனியாக எழுத்துப் பழக வேண்டும். அடுத்த வாரம் கோவைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

குறிப்பு தெளிவாக இருந்தது. அங்கிருந்த மேடம், "இவ்வளவு நுணுக்கமா ஒரு டீச்சர் எழுதி நான் பாத்ததில்லீங்க" என்றார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இல்லை. இத்தனையும் தெரிந்துகொண்டேதான் வாராவாரம் அனுப்பியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்திருந்தால் நான் இந்நேரம் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு மெயில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அது வீட்டு விஷயம். பள்ளிக்கூடத்துக்கு அது தேவையில்லை.

அவள் இப்போது எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஒரு பதிவு வேண்டும், ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க. அதற்காகப் போன ஞாயிறு காலை நானே உட்கார வைத்து, போனை ஸ்டாண்டில் மாட்டி, புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்து, தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, படி என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அன்புசெல்வி பக்கத்திலேயே இருந்தாள், அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

நிவிதா புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். ஒரு எழுத்துக்கூட வாயிலிருந்து வரவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டு, "சரியா படிச்சனுங்களாப்பா?" என்று கேட்டாள்.

பதில் எழுத வேண்டாம்.

பிரபாகர்